பதினேழாம் எண்: சலித்துவிட்டது

சலிப்புக்காரர் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கடலை ஆராய்ச்சி நிலையத்தின் பணியாளர் பட்டியலில் அவருடைய உத்தியோகம் ‘மண் சலிப்பவர்’ என்று போட்டிருந்தது. முப்பத்தோரு வருஷம் மண்ணைச் சலித்ததில் முகமும் அந்த உத்தியோகத்துக்குத் தகுந்தாற்போல அமைந்துவிட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், மனிதர் எப்போதும் எதற்கோ சலித்துக்கொள்கிறார், அதனால்தான் இந்தப் பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டு காரணமும் பொருந்தியதால் யாரும் திருத்தவில்லை.

அந்த நிலையத்தில் கடலை போடுவதுதான் எல்லோருக்கும் வேலை. அந்த வேலைக்குத் தேர்வு எழுதி, சான்றிதழ் காட்டி வரவேண்டும். வெளியே யாராவது ஒருவன் தெருமுனையில் நின்று சும்மா கடலை போட்டால் பெண்ணின் அண்ணன் வருவான். இங்கே மேலதிகாரி வருவார். வித்தியாசம் அவ்வளவுதான்.

சலிப்புக்காரர் பார்த்துக்கொண்டது காட்டுக் கடலை. கடையில் கிடைக்கிற கடலை வீட்டுப் பிள்ளை. பூக்கும், விழுது விடும், அந்த விழுது தாய்ச்செடியின் காலடியிலேயே மண்ணுக்குள் இறங்கிக் காய்க்கும். செடியைப் பிடித்து இழுத்தால் குடும்பத்தோடு கூட வரும். காட்டுக் கடலைக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது. விழுது முழ நீளம் ஓடும். காயும் ஒரு கொத்தாக இராது. இங்கே ஒன்று, ஒரு சாண் தள்ளி இன்னொன்று என்று ஒற்றை ஒற்றையாகக் காய்த்து, முற்றியதும் விழுதை அறுத்துக்கொண்டு மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். அளவு உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிசு, நிறம் அசல் மண். செடி காய்ந்த பிறகு தொட்டி மண்ணை மூட்டை கட்டி, மூன்று சல்லடையில் இறக்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். இதை எவரும் ஆசைப்பட்டுச் செய்வதில்லை.

செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில் இப்படி நாற்பத்தொரு வகை, எண் போட்டு. ஒரு தடவை பதினோராம் எண் செடி, சாப்பாட்டுக்குப் பிறகு பெஞ்சில் கண்ணயர்ந்த தண்ணீர் ஊற்றுகிறவரின் செருப்புக்குள் விழுதை இறக்கிவிட்டது. உள்ளே ஒட்டியிருந்த மண் அதற்குப் போதும். மனிதர் மூன்று மணிக்கு எழுந்து செருப்பை மாட்டப் போனார். காய் முற்றும்வரை அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மாதம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குப் போய் வந்தார். நம்பாதவர்களுக்குக் காட்ட அந்தச் செருப்பு இப்போது இல்லை. ஆனால் பதிவேட்டில் ‘தொட்டி: இடது செருப்பு, விதை: 2’ என்று ஒரு வரி இருக்கிறது. பதிவேடு பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

எல்லாவற்றிலும் மோசமானது பதினேழாம் எண். அதற்கு ஆட்கள் வைத்த பெயர் ஓடுகாலி. டாக்டரம்மாவுக்கு முதலில் அந்தப் பெயர் பிடிக்கவில்லை. “செடிக்கு இப்படியா பேர் வைப்பாங்க?” என்று கோபித்தார். ஒருநாள் அதன் விழுது தொட்டியின் அடித்துளை வழியாக வெளியேறி, பெஞ்சுக் காலைச் சுற்றி, கதவுப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்தார். அன்று முதல் அவரும் ஓடுகாலி என்றே சொன்னார்.

டாக்டரம்மா வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல. காட்டுக் கடலைகளை வீட்டுக் கடலையோடு கலந்து, நோய் தாங்கும் ரகம் உண்டாக்கப் படித்த டாக்டர். ஆனாலும் வாசலில் பெயருக்கு முன்னால் போட்டிருந்த எழுத்தைப் பார்த்துவிட்டு இருமலோடு வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள். ஆரம்பத்தில் விளக்கிச் சொன்னார். பிறகு அலுத்துப்போய், வெந்நீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார். பாதிப் பேருக்குக் குணமாகிவிட்டது. கடலையில் அவருக்கு அந்த அளவு வெற்றி கிடைக்கவில்லை.

ஒருநாள் காலை, சலிப்புக்காரருக்கு ஓய்வுபெற நான்கு மாதம் பாக்கி இருந்தபோது, டாக்டரம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“உக்காருங்க.”

இந்த முப்பத்தோரு வருஷத்தில் அவரை அந்த அறையில் உட்காரச் சொன்னது மூன்றே தடவை. ஒன்று, அவருடைய அப்பா இறந்தபோது. இன்னொன்று, மின்விசிறியைத் துடைத்தபோது, மேஜை ஆடாமல் இருக்க அதன் ஓரத்தில். இது மூன்றாவது. அவர் நுனியில் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா மேஜைமேல் இரண்டு இலையை வைத்தார். ஒன்று செங்கல்பொடி தூவினது போலப் புள்ளி புள்ளியாகக் கருகியிருந்தது. மற்றது பச்சைப் பசேல்.

“சோதனை வயல்ல இருபத்திநாலு வரிசை. இருபத்திமூணு வரிசை துரு நோய் புடிச்சுப் போச்சு. வெளியேயும் அதே கதிதான். நேத்து வரைக்கும் நாலு மாவட்டத்துலேருந்து கடுதாசி. இது புதுத் துரு, மருந்துக்கு அடங்க மாட்டேங்குது.” பச்சை இலையை விரலால் தள்ளினார். “கடைசி வரிசைல நின்ன இந்த ஒத்தைச் செடிக்கு மட்டும் ஒண்ணும் ஆகல.”

“இது அந்த மலடா?”

“ஆமா. ஓடுகாலி பெத்தது.”

சலிப்புக்காரருக்கு அந்தச் செடியைத் தெரியும். வீட்டுக் கடலைக்குக் குரோமோசோம் நாலு கட்டு, காட்டுக் கடலைக்கு இரண்டே கட்டு. இரண்டுக்கும் கல்யாணம் செய்துவைத்தால் பிள்ளைக்கு மூன்று கட்டு. கோவேறு கழுதை மாதிரி நன்றாக வளரும், ஆனால் பெறாது. துளிரில் மருந்து வைத்து அந்தக் கட்டுகளை இரட்டிப்பாக்கினால் பெறும் என்பது டாக்டரம்மாவின் கணக்கு. பதினோரு வருஷமாக அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

“மருந்து வச்ச பதினாலு துளிரும் செத்துப் போச்சு” என்றார் அவர். குரலில் வருத்தம்கூட இல்லை. வருத்தப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். “இருக்கிற ஒரே செடிக்கும் வேர் அழுகல். மறுபடி மொதல்லேருந்து ஒட்டுக் கட்டணும். அதுக்கு மகரந்தம் வேணும். பதினேழு வேணும்.”

“நம்மகிட்ட இல்லையேம்மா.”

“இல்லன்னுதான் எனக்கும் ஞாபகம். வேற ரெண்டு நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். அவங்ககிட்ட இருந்ததும் நாம குடுத்ததுதானாம், அதுவும் செத்துப்போச்சாம், நம்மகிட்ட இருந்தா அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்காங்க.”

“காட்டுல போய் எடுத்துட்டு வந்தா?”

“அது வளந்த ஆத்தங்கரைல இப்ப லாரி நிக்குது. சிமெண்டு போட்டுட்டாங்க.”

பதிவேட்டம்மா உள்ளே வந்து தடித்த பதிவேட்டை மேஜைமேல் போட்டார். அவர் இருபது வருஷமாக அந்தப் பதிவேடுகளைக் காப்பவர். எதையும் படித்ததில்லை. கையில் தூக்கிப் பார்த்தே எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். டாக்டரம்மா பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார்.

“இதோ. ரெண்டு வருஷம் முந்தி. பதினேழு. ‘சலித்துவிட்டது.’ விதை: இல்லை.” பதிவேட்டை மூடினார். “சரி. சும்மா ஒரு ஆசைக்குப் பார்த்தேன்.”

சலிப்புக்காரர் தலைகீழாக அந்த வரியைப் படித்திருந்தார். தன் கையெழுத்தை எந்தப் பக்கமிருந்தும் படிக்கலாம். மேலே நாற்பது வரியிலும் ‘சலித்தாயிற்று’ என்று இருந்தது. மண்ணைச் சலித்து முடித்தால் அவர் எழுதுவது அதுதான். பதினேழாம் எண்ணுக்கு நேராக மட்டும் ‘சலித்துவிட்டது’ என்று இருந்தது.

அவருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று காலைதான் நிலையத்தில் சலிக்கும் இயந்திரம் வந்து இறங்கியது. மாலை போடாத குறையாக அதை வரவேற்றார்கள். ‘நாளையிலிருந்து கையால் சலிக்க வேண்டாம், உங்களை என்ன செய்வதென்று யோசித்துச் சொல்கிறோம்’ என்று அவரிடம் மேலதிகாரி சொன்னார். நாற்பது மூட்டை சலித்து முடித்து, கடைசியாகப் பதினேழாம் மூட்டையை அவர் இழுத்துக்கொண்டிருந்த நேரம். மூட்டையை அப்படியே போட்டார். பதிவேட்டை எடுத்தார். மண்ணைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் தன்னைப் பற்றி எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் பதிவேட்டம்மா, மேலே இருந்த நாற்பது வரியைப் போல இதுவும் சலித்து முடித்ததுதான் என்று, படிக்காமலே, விதை எண்ணிக்கை இல்லாத இடத்தில் ‘இல்லை’ என்று நிரப்பினார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். மூட்டைகள் கொதிகலன் கொட்டகைக்குப் போயின. சலித்த மண்ணை அங்கே ஆவியில் வேகவைத்துத்தான் மறுபடி தொட்டிக்கு எடுப்பார்கள். அதில் விதை இருந்தால் வெந்துவிடும்.

இயந்திரம் நாலே நாள் ஓடியது. ஓடின வேகத்தில் காயைப் பொடியாக்கியது, பக்கத்து அறையில் மேலதிகாரியின் பல்செட்டைத் தண்ணீர் டம்ளருக்குள்ளேயே பேச வைத்தது, ஐந்தாம் நாள் சுவரை இடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நின்றது. இன்றும் அங்கேதான் நிற்கிறது. மேலே துணி போட்டு மூடியிருக்கிறார்கள். சலிப்புக்காரரை மறுபடி சல்லடையைப் பிடிக்கச் சொன்னார்கள். பதினேழை அவர் மறந்தே போனார்.

“டீ ஆறுது, குடிங்க” என்றார் டாக்டரம்மா.

சொல்ல வேண்டிய வாய் டீயைக் குடித்தது.

*

சாயங்காலம் வீட்டில் அவர் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“என்ன, மூஞ்சி சலிச்சுப் போட்ட கப்பி மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லன்னா வழக்கமா ரெண்டு தடவை குழம்பு கேப்பீங்க. சொல்லிட்டுச் சாப்பிடுங்க, இல்ல சாப்பிட்டுட்டுச் சொல்லுங்க. ரெண்டுக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு என் உயிர வாங்காதீங்க.”

அவர் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அது அவளுக்கு வழக்கமில்லாத காரியம். முடித்ததும், “அப்ப இத்தனை பெரிய ஆபீசுல, இந்த ரெண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒரு ஆள் இல்லையா?” என்று கேட்டாள்.

“எனக்குத் தெரியும்.”

“நீங்கதானே எழுதினது.”

அவர் சாதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

“நாலு மாசத்துல வீட்டுக்கு வந்துடுவேன்” என்றார். “நான் சொல்லலன்னா யாருக்கும் தெரியாது. மூட்டை வெந்து ரெண்டு வருஷம் ஆச்சு. சொல்லி என்ன ஆகப் போகுது? அந்தம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் வயித்தெரிச்சல்.”

“வெந்துடுச்சுன்னு யார் சொன்னா?”

“கொதிகலன்ல யார் இருக்கா? உன் தம்பிதானே. அவன்தான் வேகவைக்கிறான்.”

அவள் எழுந்து தண்ணீர் எடுத்து வந்தாள். டம்ளரை வைத்தபடி நிதானமாகச் சொன்னாள். “என் தம்பி. நான் தூக்கி வளத்தவன். அவன் ஒரு வேலைய முழுசா முடிச்சதா நீங்க எப்பவாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? நம்ம கல்யாணத்துக்குப் பந்தல் கட்டறேன்னு மூணு பக்கம் கட்டினான். நாலாவது பக்கம் இன்னும் பாக்கி. போய்க் கேளுங்க.”

முப்பது வருஷமாக மச்சானின் சோம்பலைச் சொல்லிக் காட்டியே குடும்பம் நடத்தியவர் சலிப்புக்காரர். அன்று இரவு முதல்முறையாக அதில் நம்பிக்கை வைத்துத் தூங்கினார்.

*

கொதிகலன் கொட்டகையில் மச்சான் வழக்கமான இடத்தில், சுவரோரம், கொதிகலனுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தான். அது நிலையத்திலேயே கதகதப்பான இடம். கூப்பிட்டால் எழுந்து வருவதில்லை என்று அவன்மேல் புகார் உண்டு. கூப்பிடுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டு, தாங்களும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள்.

“வாங்க மாமா. அக்கா எப்படி இருக்கு?”

“உன்னைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தோம்.”

“நல்லதாவா?”

“நேத்து மட்டும்.” சலிப்புக்காரர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். தரை காலியாக, பெருக்கி இருந்தது. “ரெண்டு வருஷம் முந்தி காட்டுக் கடலை மூட்டை நாப்பத்தொண்ணு வந்துதே, அது என்ன ஆச்சு?”

“அது அப்பவே வேகவச்சாச்சு.”

“எல்லாமா?”

“எல்லாந்தான். என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க? நான் வேலையே செய்யறதில்லன்னு ஊரெல்லாம் சொல்லுறீங்க. செஞ்சா அதுக்கும் மூஞ்சியத் தூக்கறீங்க.”

இத்தனை வருஷத்தில் மச்சான் ஒரே ஒரு வேலையை முழுசாக முடித்திருக்கிறான், அதுவும் இந்த வேலையை. பந்தலுக்கு நாலாவது பக்கம் கட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

“உக்காருங்க, டீ போடறேன்” என்று மச்சான் எழுந்தான். எழுந்த இடத்தில், இரண்டு வருஷத்து உடம்பின் அச்சுப் பதிந்து, நடுவில் குழிந்து, தலையணை மாதிரி ஒரு மூட்டை.

“இது என்ன?”

“இது சீட்டு மாமா.”

“மூட்டை மாதிரி இருக்கே.”

“முன்ன மூட்டை. நாப்பதும் முடிச்சேன். இது ஒண்ணு மட்டும் உக்காரத் தோதா இருந்துச்சு. கல்லு இல்லாம நல்லா மெத்துன்னு.” அவன் கொஞ்சம் யோசித்தான். “நாப்பது முடிச்சா எல்லாம் முடிச்ச மாதிரிதானே.”

சலிப்புக்காரர் குனிந்து மூட்டையைத் திருப்பினார். சுவர்ப் பக்கத்தில் மையால் எழுதிய எண், உரசி உரசித் தேய்ந்திருந்தது. கடைசியில் ஒரு ஏழு மட்டும் தெரிந்தது. ஏழா, பதினேழா, இருபத்தேழா, முப்பத்தேழா என்று அந்த மூட்டையே மறந்துவிட்டிருக்கும். மூட்டையின் வாயைக் கட்டியிருந்த சணலை அவிழ்த்துக் கையை உள்ளே விட்டார். சலித்த மண்ணில் வேர் இருக்காது. இதில் இருந்தது. காய்ந்த வேரும், நூல் மாதிரி நீண்ட விழுதும் விரலில் சுற்றிக்கொண்டு வந்தன. வகை வகையாக நாற்பதைச் சலித்தவருக்கு, சலிக்காதது எது என்று தெரியும்.

“மச்சான்” என்றார். “உன் கல்யாணப் பந்தலப் பத்தி இனிமே பேச மாட்டேன்.”

“அது உங்க கல்யாணம் மாமா.”

*

மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு போகையில் அவர் இரண்டு விதமாக யோசித்தார். பேசாமல் சலித்துவிட்டு, ‘பழைய மூட்டை ஒன்று கிடைத்தது, எதற்கும் இன்னொரு தடவை பார்த்தேன்’ என்று சொல்லலாம். பாராட்டுகூடக் கிடைக்கும். ஓய்வுபெறும் நாளில் ஒரு கைக்கடிகாரத்தோடு அதையும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டாவது விதம், உள்ளதைச் சொல்வது. ஐம்பத்தெட்டு வயதில் மூட்டை கனமாக இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தூக்க முடியாது என்று பட்டது.

டாக்டரம்மாவின் அறையில் மூட்டையை இறக்கி வைத்தார். “பதினேழு” என்றார். “நான் சலிக்கவே இல்லம்மா. அன்னிக்கு எனக்குச் சலிச்சுப் போச்சுன்னு எழுதினேன்.”

டாக்டரம்மா பதிவேட்டைத் திறந்து, அந்த வரியை நெடுநேரம் பார்த்தார். மேலே நாற்பது வரியை ஒரு தடவை பார்த்தார். மறுபடி அந்த வரி. அவர் முகத்தில் கோபம் வரும் என்று சலிப்புக்காரர் காத்திருந்தார். கோபம் பாதி வழி வந்து, உட்கார்ந்துவிட்டது போலிருந்தது.

“உங்களுக்கு மெமோ குடுக்கணும்.”

“குடுங்கம்மா.”

“குடுத்தா காரணம் எழுதணும். காரணம் எழுதினா ரெண்டு வார்த்தைக்கும் இலக்கணம் எழுதணும். அத மேல இருக்கிறவருக்கு நான் போய் விளக்கணும்.” கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். “கீழ யார் கையெழுத்து, பாருங்க. என்னோடது. நான் படிக்கவே இல்ல. இயந்திரம் வந்த அன்னிக்கு என்னையுந்தான் கூப்பிட்டுக் கேட்டாங்க, காட்டுக் கடலை வேலைய இழுத்து மூடிடலாமான்னு. நானும் எழுதியிருந்தா அதத்தான் எழுதியிருப்பேன்.”

பிறகு அவர் மூட்டையைத் தொட்டுப் பார்த்தார். “எங்க இருந்துச்சு?”

“கொதிகலனுக்குப் பக்கத்துல.”

“எவ்வளவு பக்கத்துல?”

“ரெண்டடி. மேல என் மச்சான்.”

டாக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சல்லடையை எடுத்து வரச் சொன்னார்.

சல்லடைகளைக் கண்ணாடிக் கூடத்தில் கட்டினார்கள். முதல் சல்லடை வேரையும் கட்டியையும் பிடித்தது. இரண்டாவதில் பருக்கைக் கல். காய் மூன்றாவதில்தான் நிற்கும், அதே அளவுள்ள மண்கட்டியோடும் கல்லோடும். அங்கே கண் உதவாது. சலிப்புக்காரர் காதால் பொறுக்குகிறவர். ஒவ்வொன்றாக எடுத்துத் தகரத் தட்டில் போடுவார். கல் ‘டங்’ என்னும். மண்கட்டி எதுவும் சொல்லாமல் உடையும். காய் ‘டொக்’ என்னும், உள்ளே ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டினது போல. உள்ளே விதை இருந்தால் அதைவிடக் கொஞ்சம் தாழ்ந்த குரல். அதை அவர் யாருக்கும் சொல்லித்தர முடிந்ததில்லை.

டாக்டரம்மா எதிரே முக்காலியில் உட்கார்ந்தார். டங். டங். ஒன்றுமில்லை. டங். மதியம்வரை அப்படியே போயிற்று. மூட்டை பாதி குறைந்தபோது முதல் டொக். டாக்டரம்மா நிமிர்ந்தார். சலிப்புக்காரர் இல்லை என்று தலையை ஆட்டினார். எறும்பு துளைத்த ஓடு. பிறகு இன்னும் ஆறு ஓடு, எல்லாம் காலி. முதுகு தனியாகக் கழன்று வேறெங்கோ போய் உட்கார்ந்திருப்பது போல் அவருக்கு இருந்தது. மச்சான் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்து, உட்கார இடம் இல்லாததால் போய்விட்டான்.

மூட்டையின் அடியில் இரண்டு கை மண் பாக்கி இருந்தது. சலிப்புக்காரர் அதையும் சல்லடையில் போட்டார்.

டங். டங். மௌனம். டொக்.

அவர் அதை எடுத்து மறுபடி போட்டார். டொக். தாழ்ந்த குரல்.

“இருக்கு” என்றார்.

அடிமண்ணில் ஐந்து கிடைத்தது. ஓடுகாலிக்கு ஆழமாக ஓடத்தான் பிடிக்கும், எறும்புக்கு அவ்வளவு தூரம் போகப் பொறுமை இல்லை. டாக்டரம்மா ஐந்தையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “உயிரோட இருக்கணுமே” என்று மட்டும் சொன்னார்.

ஐந்தையும் ஊன்றினார்கள். முதல் வாரம் ஒன்றுமில்லை, இரண்டாம் வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் ஒன்று அழுகிப்போனது. டாக்டரம்மா தினமும் வந்து பார்த்துவிட்டுப் போனார். வாசலில் இருமலோடு வந்தவர்களுக்கு வெந்நீர்கூடச் சொல்லவில்லை. இருபத்தாறாம் நாள் காலை, தண்ணீர் ஊற்றுகிறவர் இரண்டு செருப்போடும் ஓடிவந்தார். இரண்டு தொட்டியில் மண் வெடித்துப் பச்சை தெரிந்தது.

காட்டுக் கடலை விதைக்கு முளைக்கவிடாத ஒரு உறக்கம் உண்டு. சாதாரணமாக அதைக் கலைக்க இரண்டு வாரம் சூட்டடுப்பில் வைப்பார்கள். சூட்டடுப்பில் வைக்காமல் இது எப்படி முளைத்தது என்று மேலிடத்தில் கேட்டபோது, டாக்டரம்மா அறிக்கையில் ‘இரண்டு ஆண்டுகள் நீடித்த மிதமான வெப்பம்’ என்று எழுதினார். எந்தக் கருவியால் என்று கேட்டுக் கடிதம் வந்தது. அதற்கு இன்றுவரை பதில் போகவில்லை.

இனி பூக்க வேண்டும். சாயங்காலம் மொட்டின் ஆண் பாகத்தைக் கிள்ளி, காலையில் மகரந்தம் தொட்டு, நூல் கட்டி, மலடு பிறந்து, துளிரில் மருந்து வைத்து, அது சாகாமல் இருந்து, நாலு தலைமுறை வீட்டுக் கடலையோடு மறுபடி கலந்தால் ஒரு ரகம். எட்டு வருஷம் என்றார் டாக்டரம்மா. அவருக்கு ஓய்வுபெற ஆறு வருஷம் இருந்தது. சலிப்புக்காரருக்கு மூன்று மாதம்.

கையெழுத்தான வரியைப் பதிவேட்டில் அடிக்கக் கூடாது. புதிதாக ஒரு வரி எழுதித்தான் சேர்க்க முடியும். ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் பதிவேட்டம்மா பதிவேட்டை எடுத்து வந்து, சலிப்புக்காரர் எழுதும்வரை பக்கத்திலேயே நின்றார். அவர் ‘பதினேழு. விதை: 5. முளைத்தது: 2’ என்று எழுதி, எதிரே ‘சலித்தாயிற்று’ என்று முடித்தார்.

பதிவேட்டம்மா குனிந்து படித்தார். இருபது வருஷத்தில் அவர் அந்தப் பதிவேட்டில் படித்த முதல் வார்த்தை அதுதான்.

“ஐயா, கேக்கறேன்னு தப்பா நெனக்காதீங்க. இது மண்ணா, மனசா?”

சலிப்புக்காரர் பேனாவை மூடினார். “ரெண்டையும் சேத்து ஒரே வரியாப் போட்டுக்கோம்மா. எடம் மிச்சம்.”

அவர் கண்ணாடிக் கூடத்துக்குள் போனார். இரண்டு செடிகளில் பெரியது பூத்து முடித்து, முதல் விழுதை விட்டிருந்தது. தன் தொட்டியில் இவ்வளவு மண் இருக்க, அது விளிம்பைத் தாண்டி, கதவுப் பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் திருப்பி உள்ளே விடவில்லை. விட்டால் நாளைக்கு மறுபடி வெளியே வரும். விழுது எங்கே போய் இறங்கும் என்று கண்ணால் அளந்து, அந்த இடத்துக்கு ஒரு தொட்டி மண்ணைக் காலால் நகர்த்தி வைத்து, அதன்மேல் பதினேழு என்று எழுதினார். பிறகு செருப்பைக் கழற்றி எட்ட வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார்.